கடலோடி பதில்கள்: ஆண்ட்வெர்ப் எதை வைத்துப் பிழைக்கிறது?

போன இதழில் ஐரோப்பியத் துறைமுகங்களைப் பற்றி எழுதும்போது பெல்ஜியத்தில் இருக்கும் ஆண்ட்வெர்ப் நகரத்தை ஒரே பத்தியில் தொட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. பாதிப் பேர் வைரத்தைக் கேட்டிருக்கிறீர்கள், மீதிப் பேர் சரக்கைக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க ஆண்ட்வெர்ப்தான். கன்டெய்னர் கப்பல்களில் கேப்டனுக்கு அடுத்த பொறுப்பான சீஃப் ஆபீசராக இருந்த காலத்தில் அடிக்கடி போய் வந்த ஊர். எனக்கு மிகவும் பிடித்த ஊரும்கூட. அந்த ஊர் பொருளைச் செய்து பிழைத்ததைவிட, பொருள் தன் வழியாகக் கைமாறுவதால் பிழைத்ததுதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வரும் பதில்கள் ஒன்றோடொன்று சேரும்.

கேள்வி: திருச்சியில் சின்னதாக ஒரு கல் பட்டறை நடத்துகிறேன். அமெரிக்கன் டைமண்ட் என்று சொல்லும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறோம். வைரத்துக்குத் தலைநகரமே ஆண்ட்வெர்ப் என்கிறார்களே, அங்கே எங்களைப் போன்ற தொழிலாளிகள் எப்படி இருக்கிறார்கள்? (திருச்சி வாசகர்)

வைரம் அங்கே இன்னும் இருக்கிறது. பட்டை தீட்டுகிற கை அநேகமாகப் போய்விட்டது.

சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் ஹோவெனியர்ஸ்ட்ராட் என்று ஒரு தெரு. அதையும் ஒட்டிய இரண்டு மூன்று தெருக்களையும் சேர்த்தால் நீங்கள் கேள்விப்பட்ட வைர வட்டாரம் முடிந்துவிடும். பளபளப்பாக ஏதோ இருக்கும் என்று போனால் ஏமாந்துபோவீர்கள். சாம்பல் நிற அலுவலகக் கட்டடங்கள், வண்டி நுழையாதபடி தடுப்புத் தூண்கள், திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக யூத வணிகர் ஒருவர் வேகமாகப் போவார். அவருக்குப் பக்கத்திலேயே குஜராத்தியில் போன் பேசிக்கொண்டு இன்னொருவர் போவார்.

அந்தச் சின்ன வட்டாரத்துக்குள் நான்கு வைரச் சந்தைகள். 1893இல் தொடங்கிய டைமண்ட் கிளப் மூத்தது. 1929இல் வந்தது பட்டை தீட்டாத கல்லுக்கு மட்டுமே ஆன சந்தை. கூடத்தில் நீள மேசைகளும், வடக்குப் பார்த்த உயரமான ஜன்னல்களும் இருக்கும். நேர் வெயில் படாத வெளிச்சத்தில்தான் கல்லின் நிறம் பிடிபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மடித்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, இடுக்கியால் கல்லை எடுத்து, கண்ணில் லூப் என்ற பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார்கள். விலை படிந்தால் கைகுலுக்கி ‘மஸல் யு பிராகா’ என்பார்கள். எபிரேய மொழி வாழ்த்து அது. குஜராத்தி ஜைனரும் அதையேதான் சொல்வார். அதைச் சொன்ன பிறகு பேச்சு மாறினால் சந்தைக்குள்ளேயே பஞ்சாயத்து நடக்கும், உறுப்பினர் உரிமையே பறிபோகலாம்.

சரி, பட்டை தீட்டியவர்கள் எங்கே? நகரத்துக்குக் கிழக்கே கெம்பன் என்றொரு பகுதி. மணல் பாங்கான ஏழை மண். நைலன், க்ரோபென்டாங்க் போன்ற கிராமங்களில் விவசாயக் குடும்பங்கள் வீட்டை ஒட்டியே பட்டறை போட்டு, ஆண்ட்வெர்ப் வணிகர் கொடுத்தனுப்பும் கல்லைத் தீட்டிக் கொடுத்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அதில்தான் எரிந்தது. 1960களிலிருந்து சின்னக் கற்கள் இந்தியாவுக்குப் போகத் தொடங்கின. குஜராத்தின் பாலன்பூரைச் சேர்ந்த ஜைனக் குடும்பங்கள், மற்றவர்கள் ஒதுக்கிய பொடிக் கல்லையும் மட்டக் கல்லையும் ஆண்ட்வெர்ப்பில் வாங்கி, சூரத்தில் கூலி கொடுத்துத் தீட்டி விற்றன. அண்ணன் ஆண்ட்வெர்ப்பில், தம்பி மும்பையில், மச்சான் சூரத்தில் என்று ஒரே குடும்பம் மூன்று ஊரிலும் கால் ஊன்றியது. கெம்பன் தொழிலாளியின் கூலியில் ஒரு பொடிக் கல்லைத் தீட்டினால் கல்லின் விலையைவிடச் செலவு கூடிவிடும். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. இன்றைக்கு உலகத்தில் தீட்டப்படும் பத்துக் கல்லில் ஒன்பது சூரத் வட்டாரத்தில் தீட்டப்படுகிறது. ஆண்ட்வெர்ப்பில் மிஞ்சியிருப்பது பெரிய கல்லை மட்டும் எடுத்துச் செய்யும் ஒரு சில தேர்ந்த கைகள். வணிகத்தில் பெரும்பங்கு இந்திய வம்சாவளியினர் வசம். நகரத்தின் ஓரத்தில், வில்ரெய்க்கில், அவர்கள் வெள்ளைப் பளிங்கில் கட்டிய ஜைனக் கோயில் 2010இல் பிரதிஷ்டை ஆனது.

வியாபாரமாவது செழிப்பாக இருக்கிறதா என்றால், அதுவும் இப்போது தள்ளாடுகிறது. உக்ரைன் போருக்காக ரஷ்ய வைரத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜனவரி 1 முதல் தடை செய்தது. ஆண்ட்வெர்ப்புக்கு அல்ரோசா என்ற ரஷ்ய நிறுவனத்தின் கல் முக்கியமான வரத்து. அது நின்றது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரம் விலையை அடித்தது. வைர வணிகர்களுக்கென்றே இருந்த ஆண்ட்வெர்ப் டைமண்ட் வங்கியை அதன் தாய் நிறுவனமான கேபிசி 2014இலேயே மூட முடிவெடுத்ததால் கடன் கிடைப்பதும் கடினமாகியிருந்தது. துபாய் வரி குறைவாகக் காட்டி வா என்கிறது. இத்தனையும் சேர்ந்து 2024இல் ஆண்ட்வெர்ப்பின் வைர வணிகம் அதற்கு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியது.

என் எண்ணம் இது. கைவேலை கெம்பனில் இருந்தவரை வைரத்துக்கு அந்த மண்ணில் வேர் இருந்தது. இப்போது இருப்பது கொடுக்கல் வாங்கல். அதற்கு ஒரு கூடம், தராசு, நம்பிக்கை போதும். துபாயிலும் மும்பையிலும் அதை அமைத்துக்கொள்ளலாம், அமைத்தும்விட்டார்கள். நைலனில் பழைய பட்டறை ஒன்றைப் பாதுகாத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சாணைத் தட்டு, பெஞ்சு எல்லாம் அப்படியே இருக்கின்றன, உட்கார்ந்து தீட்டத்தான் ஆள் இல்லை. உங்கள் பட்டறையில் சாணை இன்னும் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே சந்தோஷமாக இருந்தது.

கேள்வி: ஆண்ட்வெர்ப்பில் பெரிய வைரக் கொள்ளை நடந்ததாமே? (நாகர்கோவில் வாசகர்)

2003 பிப்ரவரியில், ஒரு வார இறுதியில். நிலத்துக்கு அடியில் இரண்டு தளம் கீழே இருந்த பெட்டக அறைக்குள் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டகங்களைக் காலி செய்தார்கள். 10 கோடி டாலருக்கு மேல் போனது என்று கணக்கு. கூட்டத்தலைவன் இத்தாலியன். வைர வணிகன் என்று சொல்லி அதே கட்டடத்தில் அலுவலகம் வாடகைக்கு எடுத்து நீண்ட நாள் நோட்டம் பார்த்தவன். நெடுஞ்சாலை ஓரத்தில் வீசிய குப்பைப் பையில் கிடந்த ரசீதும் பாதி தின்ற ரொட்டியும் காட்டிக்கொடுத்தன. கற்களில் பெரும்பகுதி கடைசிவரை கிடைக்கவில்லை. எல்லோரும் இந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஊருக்குச் சோறு போடுவது வைரம் அல்ல, துறைமுகம். அடுத்த கேள்விக்குப் போவோம்.

கேள்வி: திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்புகிறேன். பெல்ஜியம், ஜெர்மனி வாடிக்கையாளர்கள் சரக்கை ஆண்ட்வெர்ப்பில் இறக்கச் சொல்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் ஊர் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கடலோரத்தில் இடமா இல்லை? போகிற சரக்கு அங்கே போய் மாட்டிக்கொள்வது ஏன்? (திருப்பூர் ஏற்றுமதியாளர்)

உள்ளே தள்ளி இருப்பதுதான் அதன் பலம். கடலிலிருந்து ஸ்கெல்ட் ஆற்றில் சுமார் 80 கிலோமீட்டர் ஏறினால்தான் ஆண்ட்வெர்ப். லாரியில் 80 கிலோமீட்டர் போகும் செலவையும் கப்பலில் அதே தூரம் போகும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே கப்பலில் ஆயிரக்கணக்கான பெட்டிகள், ஐரோப்பாவின் தொழிற்சாலைகளுக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து இறங்குகின்றன. அங்கிருந்து ஆல்பர்ட் கால்வாயில் லியேஜுக்குப் படகு போகிறது. 1975இல் திறந்த ஸ்கெல்ட்-ரைன் கால்வாய் வழியாக ஜெர்மனிக்கும் போகலாம். ரயிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் ராட்டர்டாமுக்கு அடுத்த பெரிய துறைமுகம் இதுதான். 2022இல் கடலோரத்து ஸேப்ரூக துறைமுகத்தோடு இணைந்து ‘ஆண்ட்வெர்ப்-புரூஜஸ்’ என்ற ஒரே நிறுவனமானது. 2024இல் இரண்டும் சேர்ந்து கையாண்டது ஏறத்தாழ 27.8 கோடி டன். கன்டெய்னரில், 20 அடிப் பெட்டிக் கணக்குக்கு, 1 கோடியே 35 லட்சம்.

ஆனால் உள்ளே போவது லேசான காரியம் இல்லை. கடலில் பைலட் (வழி தெரிந்து கப்பலை நடத்திக் கொடுக்கும் உள்ளூர் வழிகாட்டி) ஏறுவார். ஃப்ளஷிங் என்ற ஊர் அருகே அவர் இறங்கி ஆற்று பைலட் ஏறுவார். ஆற்றின் வாய் நெதர்லாந்துக்குச் சொந்தம், ஊர் பெல்ஜியத்துக்குச் சொந்தம். மணல் திட்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மணிக்கணக்காகப் போக வேண்டும். மேலே இருந்து நதி கொண்டுவரும் மண்ணையும் கடல் தள்ளும் மண்ணையும் ஆண்டு முழுக்கத் தூர் வாரிக்கொண்டே இருப்பார்கள். வாராவிட்டால் பெரிய கப்பல் வராது. ஓதத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் மட்டம் ஐந்து மீட்டர்போல ஏறி இறங்கும். முழு பாரத்தோடு வரும் கப்பல் ஓதம் பார்த்துத்தான் ஏற முடியும்.

பழைய துறைகளுக்குப் போகும் கப்பல் லாக் (இரண்டு பக்கமும் கதவு வைத்து, தண்ணீர் மட்டத்தைச் சமன் செய்யும் தொட்டி) கடக்க வேண்டும். பெரென்ட்ரெக்ட் லாக் 500 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 1989இல் திறந்தபோது உலகத்திலேயே பெரியது. முன் டெக்கில் நின்று அதைக் கடப்பது சீஃப் ஆபீசர் வேலை. குளிர்காலத்து விடியற்காலை, கயிறெல்லாம் விறைத்துக் கம்பி மாதிரி ஆகியிருக்கும். பைலட் வாக்கிடாக்கியில் தூரம் கேட்பார், நான் சுவருக்கும் கப்பலுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். டக் என்ற இழுவைப் படகு பின்னால் இழுத்துப் பிடிக்கும். கப்பல் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து உள்ளே போகும். பின்னால் கதவு சாத்தியதும் தண்ணீர் மெல்ல மாறும். மட்டம் ஏறினால் கயிற்றைச் சுருக்க வேண்டும், இறங்கினால் விட வேண்டும். கண்ணை எடுக்க முடியாது. 2005இல் திறந்த டொர்கான்க் துறைக்கு லாக் கிடையாது, நேரே ஆற்றிலிருந்து நுழையலாம். இன்று பெரிய கன்டெய்னர் கப்பல்கள் அங்கேதான் கட்டுகின்றன. உங்கள் பெட்டியும் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும்.

மாட்டிக்கொள்வது ஏன் என்று கேட்டீர்கள். தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டி வழக்கமாகக் கொழும்பில் தாய்க்கப்பலுக்கு மாறும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. வாரம் தவறாமல் ஒவ்வொன்றாக வர வேண்டிய கப்பல்கள் தாமதமாகி மொத்தமாக வந்து நின்றால் எந்தத் துறைமுகமும் திணறும். அதோடு 2025இல் பெல்ஜிய அரசின் ஓய்வூதிய மாற்றங்களை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தங்கள் அடுத்தடுத்து வந்தன. பைலட்டுகளும் விதிப்படி மட்டுமே வேலை என்று போராடினார்கள். பைலட் இல்லாமல் அந்த ஆற்றில் ஒரு கப்பலும் நகராது.

தொழிலாளிகளைக் குறை சொல்லி எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்ட்வெர்ப்பில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற துறைமுகத் தொழிலாளி மட்டுமே சரக்கைத் தொடலாம். காலையில் கூலிக்கு ஆள் பிடிக்கும் கூடத்தை ‘கொட்’ என்பார்கள். இப்போது அதில் பாதி வேலை கைபேசிக்கு வந்துவிட்டது. வேலை கிடைக்காத நாளுக்கும் அவர்களுக்கு ஒரு தொகை உண்டு. ஆபத்தான வேலைக்கு அந்தப் பாதுகாப்பு நியாயம் என்று, டெக்கில் அவர்களோடு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டெமரேஜ் (பெட்டி துறைமுகத்தில் தேங்கினால் கட்டும் தாமதக் கட்டணம்) யார் தலையில் விழும் என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பருவத்துக்கு விற்க வேண்டிய சரக்கு என்றால் இரண்டு வாரம் முன்னதாகவே ஏற்றுங்கள்.

கேள்வி: வரலாறு படிக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட்வெர்ப் ஐரோப்பாவின் முதல் வணிக நகரம் என்று பாடத்தில் ஒரு வரி வருகிறது. பிறகு ஏன் விழுந்தது? (மதுரை கல்லூரி மாணவி)

உங்கள் பாடத்தில் இருக்கும் அந்த ஒரு வரிக்குள் நம் பக்கத்து மிளகும் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் மலபாரில் ஏற்றிய மிளகு லிஸ்பனில் இறங்கி, 1501 முதல் ஆண்ட்வெர்ப்புக்கு வந்து விற்றது. தென் ஜெர்மானிய வணிகர்கள் செம்பும் வெள்ளியும் கொண்டுவந்தார்கள், ஆங்கிலேயர் துணி கொண்டுவந்தார்கள். மூன்றும் சந்தித்துக்கொள்ள ஓர் ஊர் தேவைப்பட்டது. 1531இல் வணிகர்கள் கூடிப் பேசுவதற்கென்றே ஒரு கட்டடம் கட்டினார்கள். நடுவே முற்றம், சுற்றிலும் தூண் வரிசை. பின்னால் லண்டன், ஆம்ஸ்டர்டாம் பங்குச்சந்தைக் கட்டடங்களுக்கு அதுதான் மாதிரி. தீப்பிடித்து, மறுபடி கட்டி, நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 2019இல் திறந்திருக்கிறார்கள்.

வீழ்ச்சி ஒரே தேதியில் வந்தது என்றே சொல்லலாம். ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்த போரில் ஓராண்டுக்கும் மேலான முற்றுகைக்குப் பிறகு, 1585 ஆகஸ்டில் பார்மா பிரபுவின் படையிடம் நகரம் சரணடைந்தது. ஊர் ஸ்பெயின் கையில், ஆற்றின் வாய் டச்சுக்காரர் கையில். அவர்கள் ஸ்கெல்ட்டை அடைத்தார்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த ஊர் சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. அச்சுக்காரர், நெசவாளர், பணக்கார வணிகர் எல்லோரும் வடக்கே போனார்கள். ஆம்ஸ்டர்டாமின் பொற்காலத்துக்கு முதல் போட்ட பல கைகள் ஆண்ட்வெர்ப் கைகள். 1648 மூன்ஸ்டர் உடன்படிக்கையில் அந்த அடைப்பையே சட்டமாக்கினார்கள். ரூபன்ஸ் ஓவியம் வரைந்ததும் மாதா கோயில்கள் தங்கமாய் மின்னியதும் இந்தக் காலத்தில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். கலை இருந்தது, கப்பல் இல்லை.

இருநூறு ஆண்டுக்கும் மேல் கழித்துப் பிரெஞ்சுப் புரட்சிப் படை வந்துதான் ஆற்றைத் திறந்தது. நெப்போலியன் துறை கட்டினார், இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. 1830இல் பெல்ஜியம் பிரிந்ததும் டச்சுக்காரர் ஆற்றில் போகும் கப்பலுக்குச் சுங்கம் கேட்டார்கள். 1863இல் பெல்ஜியமும் மற்ற நாடுகளும் சேர்ந்து மொத்தமாக ஒரு தொகை கொடுத்து அந்தச் சுங்கத்தை விலைக்கு வாங்கி ஒழித்தன. இன்றைய ஆண்ட்வெர்ப் அன்றிலிருந்து வளர்ந்தது. முன்பு சொன்ன ரஷ்ய வைரத் தடை, செங்கடல் சுற்றுவழி, பைலட் போராட்டம் மூன்றையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். வேறு எங்கோ ஒரு வழி அடைபட்டால் அந்த ஊரில் வேலை குறைகிறது. தேர்வுக்கு எழுதும்போது 1585, 1648, 1863 மூன்று ஆண்டுகளையும் விடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் எண்ணூர். சுற்றிலும் ரசாயன ஆலைகள். ஆண்ட்வெர்ப்பில் துறைமுகத்துக்குள்ளேயே ரசாயன ஆலைகள் இருக்கின்றன, ஆனாலும் மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். உண்மையா? (எண்ணூர் ஆசிரியை)

பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் சொல்லாமல் விட்டது தவறு.

ஐரோப்பாவின் மிகப் பெரிய ரசாயனத் தொகுதி ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில்தான் இருக்கிறது. பாஸ்ஃப் நிறுவனம் 1964 முதல் அங்கே இருக்கிறது. அதன் தாய் ஆலைக்கு அடுத்த பெரிய ஆலை அது, சுமார் 3,500 பேருக்கு வேலை. எக்ஸான்மொபில், டோட்டல் எனர்ஜிஸ் இரண்டுக்கும் சுத்திகரிப்பு ஆலைகள். கப்பலில் மூலப்பொருள் வரும், ஓர் ஆலையின் கழிவு வாயு குழாய் வழியாகப் பக்கத்து ஆலைக்கு மூலப்பொருளாகப் போகும். இரவில் ஆற்றில் ஏறும்போது கரை முழுக்க விளக்கும் தீக்கொழுந்துமாக இருக்கும். நல்ல சம்பளம், பலமான தொழிற்சங்கம், பயிற்சி எல்லாம் உண்டு. அது உண்மை.

சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். இந்த ஆலைகளும் துறைகளும் எழுந்த இடம் காலி நிலம் அல்ல. 1950களிலும் 60களிலும் துறைமுகத்தை வடக்கே நீட்டியபோது ஊஸ்டர்வீல், வில்மர்ஸ்டாங்க், ஊர்டரன், லில்லோ என்று நான்கு ஊர்களை இடித்தார்கள். வில்மர்ஸ்டாங்க்கில் மாதா கோயில் கோபுரம் மட்டும் விட்டுவைத்தார்கள். இன்றும் கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவே அது தனியாக நிற்கிறது. வயல் இருந்த இடத்தில் சிமென்ட் தரை. யாருக்கு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததோ அவர்கள் யாரும் அங்கே இல்லை. லில்லோவில் பழைய கோட்டைக்குள் இருந்த சில வீடுகள் தப்பின. அக்கரையில் டூல் என்ற ஊரையும் விழுங்கப் பார்த்தார்கள். பல பத்தாண்டு வீடு வீடாக விலைக்கு வாங்கிக் காலி செய்து, கடைசியில் 2022இல்தான் ஊர் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் ஊரே காலி.

அப்புறம் ஸ்வைன்ட்ரெக்ட். ஆற்றின் இடது கரையில், நகரத்துக்கு எதிரே. அங்கே இருக்கும் 3எம் ஆலை பல ஆண்டுகள் பிஃபாஸ் வகை ரசாயனங்களைச் செய்தது. மண்ணிலும் தண்ணீரிலும் போனால் அழியாத ரசாயனம். பக்கத்தில் பெரிய சாலைத் திட்டத்துக்காக மண் தோண்டியபோது, 2021இல் விஷயம் வெடித்தது. வீட்டுக் கோழி போடும் முட்டையைச் சாப்பிடாதீர்கள் என்று அரசே மக்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், அதிலும் இருந்தது. 2022 ஜூலையில் நிறுவனம் 57 கோடியே 10 லட்சம் யூரோவுக்கு, பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸின் அரசோடு ஒப்பந்தம் செய்தது. பணக்கார நாடு, கடுமையான சட்டம், படித்த மக்கள். அத்தனையும் இருந்தும் கோழி முட்டை வரை போன பிறகுதான் தெரிந்தது. உங்கள் ஊரில் அந்தக் கூட்டத்தில் பேசியவரிடம் ஒன்று கேளுங்கள்: எண்ணூரில் மண்ணையும் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்து, முடிவை ஊர் மக்கள் கையில் கொடுக்க ஆலைகள் தயாரா? அதற்கு ஆம் என்று சொல்லட்டும், பிறகு ஆண்ட்வெர்ப்பை உதாரணம் காட்டட்டும்.

வேலைக்கும் இப்போது உறுதி இல்லை. 2022க்குப் பிறகு எரிவாயு விலை ஏறியதில் ஐரோப்பிய ரசாயன ஆலைகள் ஆடிப்போயின. டோட்டல் எனர்ஜிஸ் தன் இரண்டு எத்திலீன் கிராக்கர்களில் (பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீனைச் செய்யும் ஆலைகள்) ஒன்றை 2027 முடிவுக்குள் மூடப்போவதாக அறிவித்தது. அதே துறைமுகத்தில் இனியோஸ் நிறுவனம் பல நூறு கோடி யூரோவில் புதிய கிராக்கர் கட்டுகிறது. அதற்கான மூலப்பொருள் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் ஈத்தேன்.

கேள்வி: ஐரோப்பா சுற்றுலாவில் ஆண்ட்வெர்ப்புக்கு ஒரே நாள். என்ன பார்க்கலாம்? (சென்னை வாசகி)

பிளான்டின்-மொரேட்டஸ் அச்சகத்தைப் பாருங்கள். உலகத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு இயந்திரங்கள் இரண்டு அங்கே இருக்கின்றன. அப்புறம் ஸ்கெல்ட்டுக்கு அடியில் நடந்து போகும் சுரங்கப்பாதை. 1933இல் திறந்தது, 572 மீட்டர், மரப்படி வைத்த பழைய எஸ்கலேட்டரில் இறங்க வேண்டும். அக்கரையில் ஏறித் திரும்பினால் ஊர் முழுவதும் தெரியும், காசும் கிடையாது. ஸஹா ஹதீத் வடிவமைத்த துறைமுக அலுவலகத்தை வெளியே இருந்து பார்த்தாலே போதும். பழைய தீயணைப்பு நிலையத்தின் தலையில் கண்ணாடிக் கப்பல் ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறார். வைரத் தெருவுக்குச் சனிக்கிழமை போகாதீர்கள், யூதக் கடைகள் அடைத்திருக்கும்.

கேள்வி: ஐயா, என் மகன் மெரைன் படிப்பு முடித்து டெக் கேடட்டாகச் சேரப் போகிறான். முதல் கப்பலே ஆண்ட்வெர்ப் போகுமாம். அங்கே போதைப்பொருள் கடத்தல் அதிகம், கப்பல் பையன்களைப் பிடித்துப் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அனுப்பவா வேண்டாமா? (தூத்துக்குடி வாசகி)

அம்மா, அனுப்புங்கள். தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னதில் பொய் இல்லை. 2023இல் ஆண்ட்வெர்ப்பில் சுங்கத்துறை பிடித்த கோக்கெயின் மட்டும் 116 டன். 2024இல் அது 44 டன்னாகக் குறைந்தது. வருவது குறைந்ததா, வேறு துறைமுகத்துக்கு வழி மாறியதா என்று அவர்களே விவாதிக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வாழைப்பழம் வரும் குளிர்ப்பெட்டிகளில் பையைத் திணித்து அனுப்புவார்கள். இங்கே துறைமுகத்துக்குள் ஆள் வைத்து எடுப்பார்கள். பெட்டியை எடுக்கும் ரகசிய எண்ணுக்காகத் துறைமுக ஊழியர்களுக்குப் பெரும் பணம் காட்டுவார்கள், மறுத்தால் மிரட்டுவார்கள். ஊருக்குள் வீடுகள் மேல் குண்டு வீச்சும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. 2023 ஜனவரியில் மெர்க்ஸெம் பகுதியில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி அப்படித்தான் செத்தாள். பொருள் கைமாறும் ஊரில் இதுவும் கைமாறுகிறது. அந்த ஊர் மக்கள் இதற்குக் கொடுக்கும் விலையை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை.

ஆனால் கப்பலில் இருக்கும் எல்லோரும் மாட்டுவதில்லை. கவனமாக இருப்பவன் ஒழுங்காக வேலை பார்த்துவிட்டு வருகிறான். தம்பியிடம் இவற்றைச் சொல்லுங்கள். யார் கொடுத்தாலும், கூட வேலை பார்ப்பவனே கொடுத்தாலும், உள்ளே என்ன என்று தெரியாத பொட்டலத்தையும் பையையும் வாங்கக் கூடாது. கப்பல் எந்தத் துறைமுகத்தில் எப்போது கட்டும் என்பதை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடக் கூடாது. கடத்தல்காரர்கள் அங்கிருந்துதான் கேடட்டுகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். கரையில் சிநேகமாகப் பேசி எந்தத் துறையில் கட்டியிருக்கிறீர்கள், எத்தனை பேர் காவல் என்று விசாரிப்பவனிடம் நின்று பேச வேண்டாம். கரைக்குப் போனால் தனியாகப் போகாமல் கூட ஒருவரை அழைத்துப் போகட்டும்.

தென் அமெரிக்கத் துறைமுகத்தில் கேங்க்வே (கப்பலில் ஏறும் படிக்கட்டு) காவல் கொடுத்தால் தூக்கம் வந்தாலும் இடத்தை விட்டு நகரக் கூடாது, ஏறுகிற ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும். பெட்டியின் சீல் உடைந்திருந்தாலோ, எண் ஒத்துப்போகாவிட்டாலோ, மூடியிருக்க வேண்டிய அறைக் கதவு திறந்திருந்தாலோ, தானே உள்ளே நுழைந்து பார்க்காமல் உடனே டூட்டி ஆபீசரிடமும் கேப்டனிடமும் சொல்ல வேண்டும். வாயால் சொன்னதோடு விடாமல், யாரிடம் என்ன சொன்னான் என்பதைத் தேதி, நேரத்தோடு தன் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். விசாரணை என்று வந்தால் ஒரு கேடட்டின் பக்கம் நிற்கப்போவது அந்த நோட்டுதான்.